நாலு நிமிடம்

பகலில் க்ருதிம் நகரத்தாருக்குப் பல் செய்கிறேன்.
கடைவாய்ப்பல், கட்டுப்பல், ஒருமுறை
ஒரு நீதிபதிக்கு மேல்வரிசை முழுவதும்.
இரவில் அதே துரப்பணம், அதே முகமூடி.
மேசையில் மிக் இருபத்தொன்று,
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.

பெட்டியோடு வந்த இருக்கை
பேருந்து நிலைய நாற்காலி போல மொண்ணை.
குப்பையில் போட்டேன்.
தனியாக வாங்கியவை:
ரெசினில் வார்த்த இருக்கை, ரெசின் சக்கரங்கள்,
ரெசின் புகைபோக்கி,
பித்தளையில் கடைந்த வேகமானிக் குழல், ஊசிக்குத் தங்கை,
அமிலத்தில் அரித்தெடுத்த மீட்டர் பலகை.
விமானத்தின் விலையைப்போல் இரண்டு மடங்கு.
யரோமிர் பில்லைப் பார்த்துவிட்டு
"பொத்தானுக்காகச் சட்டை தைக்கிறாயா?" என்றார்.
ஆமாம்.

ரெசின் காக்பிட் உள்ளே போகாது.
போகும் என்று தாளில் போட்டிருப்பார்கள், நம்பக் கூடாது.
உடலின் இரு பாதியையும் உள்ளிருந்து சுரண்டி
விளக்குக்கு நேரே பிடித்து
மறுபடி சுரண்டி
நகத்தில் ஒளி கசிவதுபோல் கசியும்வரை
ஒன்பது இரவு.
பத்தாவது இரவு ஓட்டை விழுந்தது.

வால் கனத்துவிட்டது.
விட்டால் மிக் பின்னங்காலில் குந்திய நாயாகிவிடும்.
யரோமிரின் தூண்டில் பெட்டியிலிருந்து
ஏழு ஈயக்குண்டு திருடி
மூக்குக்குள் போட்டுப் பசை ஊற்றி மூடினேன்.

இருக்கைக்கு மட்டும் மூன்று வாரம்.
வார்ப்பட்டை, கொக்கி, தலையணையில் ஒரு சுருக்கம்.
இழுபிடி இரண்டுக்கும் சிவப்பு வைக்கும்போது
மூச்சு விடவில்லை.

ஓட்டியவர் ஸ்வாதோப்லுக்.
அவர் கேட்டுத்தான் செய்கிறேன், பாதிப் பணம் முன்பே கொடுத்தார்.
ஞாயிறு மதியம் ஈரக் கோட்டோடு வந்தார்.
சாமணத்தில் எடுத்து நீட்டினேன்.
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
"அச்சு அசல்" என்றார்.
"இது வேண்டாம்."

எண்பத்து மூன்று, அக்டோபர்.
விமானம் சுழன்று விழுகிறது, மேகத்துக்குள்
மேல் எது கீழ் எது தெரியவில்லை.
இழுத்தார். மூடி போயிற்று,
இருக்கை போயிற்று, அதோடு அவரும்.
மேகத்தின் அடியில் குடையில் தொங்கிக்கொண்டு பார்க்கிறார்:
மிக் தானாக நிமிர்ந்திருக்கிறது.
யாருமில்லாமல், சீராக,
கிழக்கே நாலு நிமிடம்.
அதன்பிறகுதான் சர்க்கரைக் கிழங்கு வயல்.

"மூன்று பேர் விசாரித்தார்கள்.
மாற்றி மாற்றி ஒரே கேள்வி:
அது நன்றாகத்தானே பறந்தது?"
ஆறிய காப்பியைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.
"அந்த நாலு நிமிடத்தைச் செய்துகொடு, வ்லாஸ்தா."

சரி, பறக்கிற விமானம்.
சக்கரங்கள் உறைக்குள் திரும்பின.
மூடி வேண்டாம்.
இருக்கை இருந்த இடத்துக்கு
ரெசினில் யாரும் எதையும் வார்ப்பதில்லை.
எல்லாக் கடைப் பட்டியலிலும் தேடிவிட்டேன்.
பல் கட்டும் கம்பியை வளைத்துத் தண்டவாளம் இரண்டு,
பின்சுவருக்குப் பல் அச்செடுக்கும் மெழுகு,
வெடித்த கரிக்கு அடுப்புக் கரியே.

தொலைபேசியில் கேட்டேன்:
கட்டுப்பாட்டுத் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்?
நீங்கள் விட்ட பக்கமா?
மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம்.
யாரோ கோல் போட்டார்கள்.
"நேராக.
நான் தொடாத மாதிரி."

இருக்கை இப்போது என் பட்டறை அலமாரியில்,
மாவுக்கல் தாடைகளுக்கு நடுவே
மேலே பார்த்துக்கொண்டு.

தாங்கிக் கம்பியில் ஏற்றியதும் மிக்
மூக்கைத் தாழ்த்தியது.
ஏழு ஈயக்குண்டு.
தரையில் நிற்கத்தான் அவை தேவைப்பட்டன.
உடைக்காமல் இனி எடுக்க முடியாது.
பழைய துளையை அடைத்துவிட்டு
மூன்று மில்லிமீட்டர் முன்னால்
இன்னொன்று போட்டேன்.